டாட்டூ, பியர்சிங் கடை தொடங்க என்னென்ன வேண்டும்? சட்டம் சொல்வதும் சொல்லாததும்

மருந்துக் கடை வைக்க ஃபார்மசிஸ்ட் வேண்டும். டீக்கடைக்குக்கூட உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். ஆனால், அடுத்தவர் தோலுக்குள் ஊசி இறக்கும் டாட்டூ தொழிலுக்கு இந்தியா முழுவதும் பொருந்தும் தனிச் சட்டமோ, கட்டாயப் பயிற்சிச் சான்றிதழோ கிடையாது. "அப்போ ஈஸிதானே?" என்று நினைத்தால், கொஞ்சம் பொறுங்கள்.

காகித வேலை உண்மையிலேயே சுலபம்தான். உள்ளாட்சி அமைப்பின் தொழில் உரிமம், மாநில கடைகள் சட்டத்தின் கீழ் பதிவு, விருப்பப்பட்டால் கட்டணமில்லாத உத்யம் பதிவு. ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி (மணிப்பூர், மிசோரம், நாகாலாந்து, திரிபுராவில் 10 லட்சம்). தொழில்களுக்கான ஐ.நா. வகைப்பாட்டில் டாட்டூ கடையின் எண் 9609. ஜோதிடர், திருமணத் தகவல் மையம், ஷூ பாலிஷ் போடுபவர் எல்லாம் அதே எண்ணில்தான் வருகிறார்கள்!

சிக்கல் ஆரம்பிப்பது கிரிமினல் சட்டத்தில். பாரதிய நியாய சன்ஹிதா 25-வது பிரிவின்படி, 18 வயதைத் தாண்டியவர் சம்மதித்தால் சிறு காயம் குற்றமாகாது. கொடுங்காயத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. 116-வது பிரிவு, முகத்தை நிரந்தரமாக உருக்குலைப்பதையும் கொடுங்காயம் என்கிறது. ஆகவே 17 வயதுப் பையன் நண்பர்களோடு வந்து நின்றாலோ, ஒருவர் முகத்தில் டாட்டூ கேட்டாலோ, கையெழுத்து வாங்கிய தாள் உங்களைக் காப்பாற்றும் என்று நம்பிவிடாதீர்கள். வயதுச் சான்றின் நகலை வாங்கி வையுங்கள். 2024 டிசம்பரில் திருச்சியில் நாக்கைப் பிளக்கும் அறுவை செய்ததாக ஒரு டாட்டூ கடைக்காரர் கைதானார், கடைக்குச் சீல் வைக்கப்பட்டது. கத்தி பிடிப்பது மருத்துவர் வேலை.

அடுத்தது ரத்தம். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட, குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். ஊசியை வெந்நீரில் போட்டு எடுப்பதெல்லாம் போதாது. ஊசி ஒருமுறைக்கு மட்டும், அதுவும் வாடிக்கையாளர் கண் முன்னால் பிரிக்க வேண்டும். திரும்பப் பயன்படுத்தும் உலோகக் கருவிகளுக்கு 121 டிகிரி செல்சியஸில் இயங்கும் ஆட்டோகிளேவ் வேண்டும். பட்ஜெட் போடும்போது ஏசியையும் சோபாவையும் முதலில் எழுதி, இதைக் கடைசியில் பார்த்துக்கலாம் என்று விடாதீர்கள். மையை பாட்டிலிலிருந்து சிறு கப்பில் ஊற்றிக்கொண்டு, மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். மீண்டும் பாட்டிலில் ஊற்றினால் மொத்த பாட்டிலும் கெட்டது. நீங்களும் ஊழியர்களும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை 3 டோஸும் போட்டு முடித்திருக்க வேண்டும்.

பியர்சிங்குக்கு 'கன்' வாங்கலாமா? வேண்டாம் என்பதே என் கருத்து. பிளாஸ்டிக் பாகங்கள் கொண்ட கன்னை ஆட்டோகிளேவில் வைக்க முடியாது. காதின் குருத்தெலும்பையும் அது நசுக்கிவிடும். உள்ளே துளை உள்ள ஊசியே நல்லது. காது மடல் ஆற 6 முதல் 8 வாரம், குருத்தெலும்பு ஆற பல மாதங்கள் ஆகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பயன்படுத்திய ஊசி எங்கே போகும்? 2016 மருத்துவக் கழிவு விதிகளின் பட்டியலில் ரத்ததான முகாம், பள்ளி முதலுதவி அறை எல்லாம் இருக்கிறது. டாட்டூ கடை இல்லை. அதற்காகக் குப்பைப் பையில் போட்டால், மறுநாள் காலை அது தூய்மைப் பணியாளரின் கையில் ஏறும். ஊசி துளைக்காத டப்பாவில் சேருங்கள். மருத்துவமனைகளிடம் கழிவு எடுக்கும் உங்கள் ஊர் மையத்தை அணுகி, உங்களிடமும் எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள்.

மையின் பேட்ச் எண்ணையும் பதிவேட்டில் எழுதி வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் டாட்டூ மையில் 4,000-க்கும் மேற்பட்ட ரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. யாருக்காவது அலர்ஜி வந்தால் தோல் மருத்துவர் முதலில் கேட்கப்போவது, எந்த மை என்றுதான்.

ஊசியை எடுக்கும் முன் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். டாட்டூவோ பியர்சிங்கோ செய்துகொண்டவர் 12 மாதம் ரத்த தானம் செய்ய முடியாது. ராணுவத்தில் சேரும் ஆசை இருந்தால், எந்த இடத்தில் என்ன டாட்டூ அனுமதி என்பதை ஆள்சேர்ப்பு விதியில் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். அன்றைய வருமானம் போனாலும் பரவாயில்லை.