புகை வாசலில் வேகத்தைப் பிடித்தவர்கள்

இன்று கார் ஓட்டுகிறவர் வேகம் வேண்டுமென்றால் பெடலை மிதிக்கிறார். சிலிண்டருக்குள் காற்று நுழையும் பாதை அகலமாகிறது, இன்ஜின் வேகமெடுக்கிறது. உள்ளே போகும் வழியில் கைவைத்துத்தான் இன்ஜினை ஆளமுடியும் என்று நமக்குப் பழகிவிட்டது. 1880களில் பெட்ரோல் இன்ஜினை உருவாக்கியவர்கள் வேறு வழியில் போனார்கள். எரிந்த புகை வெளியேறும் வழியில், எக்ஸாஸ்ட் வால்வில், அவர்கள் வேகத்தைப் பிடித்தார்கள். முதல் தலைமுறைக் கார்களில் பல இந்த முறையில் ஓடியவைதான். கார் வரலாற்று நூல்கள் பெரும்பாலும் ஒரே வரியில் கடந்துபோகும் இந்த ஏற்பாட்டை அந்தக் காலத்தின் மிக அழகான பொறியியல் சிந்தனைகளில் ஒன்றாக நான் கருதுகிறேன். அதனால் இந்த வாரம் முழுவதும் அதற்கே.

முதலில் அந்த வால்வு எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம்.

பெல்ஜியத்தில் பிறந்து பாரிசில் தொழில் செய்த எத்தியேன் லெனுவார் 1860இல் காப்புரிமை பெற்ற வாயு இன்ஜின், தோற்றத்தில் ஏறக்குறைய ஒரு நீராவி இன்ஜின்தான். நீராவி இன்ஜினில் இருந்த சறுக்கு வால்வையே அவர் எடுத்துக்கொண்டார். துளையிட்ட தட்டை உலோகம் ஒன்று தேய்த்துக்கொண்டே முன்னும் பின்னும் நகரும்; துளைகள் நேருக்கு நேர் வரும்போது வழி திறக்கும். நீராவிக்கு அது பொருந்தியது. எரிந்த வாயுவின் சூட்டுக்குப் பொருந்தவில்லை. புகை வெளியேறும் பக்கத்துச் சறுக்கு வால்வு கொதித்தது, விரிந்தது, எண்ணெயைக் குடித்தது. லெனுவார் இன்ஜினை வைத்திருந்தவர்களுக்கு வாயுச் செலவு ஒரு கவலை என்றால், எண்ணெய்ச் செலவு இன்னொரு கவலை.

கொலோன் நகரை ஒட்டிய டாய்ட்ஸ் தொழிற்சாலையில் நிக்கோலஸ் ஓட்டோ 1876இல் நான்கடி (ஃபோர் ஸ்ட்ரோக்) இன்ஜினை ஓடவிட்டபோது இந்தப் பாடம் கற்றாகிவிட்டது. அந்த இன்ஜினைக் கவனித்துப் பார்த்தால் அதில் இரண்டு காலங்கள் சேர்ந்து நிற்பது தெரியும். வாயுவும் காற்றும் உள்ளே வருவதற்கும், சுடர் காட்டித் தீ மூட்டுவதற்கும் இன்னமும் பழைய சறுக்கு வால்வு. புகை வெளியேற மட்டும் புதிய ஏற்பாடு: காளான் வடிவத்தில் தட்டையான தலையும் நீண்ட காம்பும் கொண்ட வால்வு, அதை உட்கார்த்திவைக்கக் கூம்பாகக் கடைந்த இருக்கை, மூடிவைக்க ஒரு ஸ்பிரிங், திறக்க ஒரு கேம். கிராங்கின் வேகத்தில் பாதி வேகத்தில் சுழலும் பக்கத் தண்டில் அந்தக் கேம் பொருத்தப்பட்டிருந்தது. நான்கடிச் சுழற்சி முடியக் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றவேண்டும். புகை போவது அதில் ஒரு முறைதான். அதனால் பாதி வேகம்.

இந்தக் காளான் வால்வின் சிறப்பு அதன் அடைப்பில் இருக்கிறது. சிலிண்டருக்குள் வெடிப்பின் அழுத்தம் ஏற ஏற, அந்த அழுத்தமே வால்வை இருக்கையோடு சேர்த்து அழுத்துகிறது. உராய்வு இல்லை, எண்ணெய் தேவையில்லை. ஆனால் அதே காரணத்தால் அதைத் திறப்பது எளிதல்ல. புகை வெளியேறும் நேரத்திலும் உள்ளே வளிமண்டலத்தைவிடச் சில மடங்கு அழுத்தம் மிச்சமிருக்கும். 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள வால்வுத் தலை என்று வைத்துக்கொள்வோம். அதன் பரப்பு ஏறத்தாழ 12.5 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 3 கிலோ கூடுதல் அழுத்தம் என்றால், வால்வை அசைக்கவே 37, 38 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். ஸ்பிரிங்கின் எதிர்ப்பு தனி. நிமிடத்துக்கு 600 சுற்று ஓடும் இன்ஜினில் இதை நொடிக்கு ஐந்து முறை செய்யவேண்டும்.

உள்ளே வரும் பக்கத்தில் இந்தச் சிரமம் எதுவும் இல்லை. பிஸ்டன் இறங்கும்போது உண்டாகும் உறிஞ்சலே போதும். மெல்லிய ஸ்பிரிங் போட்ட இன்லெட் வால்வு தானாகத் திறந்து தானாக மூடிக்கொள்ளும். அடுத்து நாம் பார்க்கப்போகும் டைம்லரின் இன்ஜின்களிலும் பிறகு வந்த பல இன்ஜின்களிலும் இன்லெட் வால்வுக்குக் கேம் கிடையாது, தண்டு கிடையாது, கட்டளை கிடையாது. கட்டளைக்குக் கட்டுப்பட்ட ஒரே வால்வு எக்ஸாஸ்ட் வால்வு. வேகத்தை ஆளவேண்டும் என்று நினைத்தவருக்குக் கைப்பிடி கிடைத்த இடமும் அதுதான்.

காட்லீப் டைம்லர் டாய்ட்ஸில் தொழில்நுட்ப இயக்குநராக இருந்தவர். வில்ஹெல்ம் மைபாக் அங்கே வடிவமைப்புப் பிரிவின் தலைவர். 1882இல் டைம்லர் அங்கிருந்து விலகி ஸ்டுட்கார்ட்டுக்கு அருகே கான்ஸ்டாட்டில் ஒரு வீடு வாங்கினார். மைபாக்கும் வந்து சேர்ந்தார். தோட்டத்தில் இருந்த கண்ணாடி வீடு பட்டறையானது. கதவை மூடிக்கொண்டு இரவும் பகலும் உலோகத்தைத் தட்டிக்கொண்டிருந்த இருவரையும் கள்ளப் பணம் அச்சடிக்கிறவர்கள் என்று தோட்டக்காரர் சந்தேகப்பட்டுப் போலீசில் சொன்னதும், போலீசார் வந்து பார்த்தபோது இன்ஜின் பாகங்களைத் தவிர வேறெதுவும் கிடைக்காததும் ஜெர்மானியர்கள் விரும்பிச் சொல்லும் கதை.

அவர்கள் தேடியது வண்டியில் ஏற்றக்கூடிய சிறிய, வேகமான இன்ஜின். ஓட்டோவின் இன்ஜின் நிமிடத்துக்கு 180 சுற்று. அவர்களுக்கு 600 வேண்டும். அந்த வேகத்துக்குச் சுடர் காட்டும் சறுக்கு வால்வு ஈடுகொடுக்காது. அதனால் சிலிண்டரிலிருந்து ஒரு சிறு குழாயை வெளியே நீட்டி, அதை பர்னரால் எப்போதும் செந்தழலாகச் சுடவைத்தார்கள். பிஸ்டன் கலவையை அழுத்தும்போது அது சுடுகுழாயில் புகுந்து தீப்பிடிக்கும். எளிய வழிதான், ஆனால் இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. சுடுகுழாயை நிறுத்தி நிறுத்திப் போடமுடியாது. சிலிண்டரில் கலவை இருந்தால் வெடித்தே தீரும்.

அப்படியானால் இன்ஜின் அளவுக்கு மீறி வேகமெடுத்தால் என்ன செய்வது? ஓட்டோவுக்குத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து வரும் வாயுவுக்கென்று தனி வால்வு இருந்தது. வேகம் கூடினால், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்ற கருவி அந்த வால்வின் கேமை விலக்கிவிடும்; அந்தச் சுழற்சியில் வெறும் காற்று மட்டும் உள்ளே போகும், வெடிப்பு இருக்காது. டைம்லருக்கு அந்த வசதி இல்லை. அவருடைய பெட்ரோல் இன்ஜினில் கார்புரேட்டரிலிருந்தே கலவை ஒன்றாக வருகிறது, அது வரும் வால்வோ யார் சொல்லும் கேட்காத தானியங்கி வால்வு.

1883 டிசம்பரில் அவர் அடுத்தடுத்து இரண்டு காப்புரிமைகளுக்கு விண்ணப்பித்தார். ஒன்று சுடுகுழாய்க்கு. மற்றொன்று எக்ஸாஸ்ட் வால்வின் வழியாக வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்கு. இந்த இரண்டாவதில்தான் எனக்கு வியப்பு.

வேகம் வரம்பு மீறியதும் கவர்னரின் சுழலும் எடைகள் வெளியே விலகி, வால்வைத் தள்ளும் கம்பியின் முனையைச் சற்று நகர்த்திவிடுகின்றன. கம்பி வழக்கம்போல் மேலே வருகிறது, ஆனால் வால்வின் காம்பைத் தொடாமல் பக்கத்தில் போய்விடுகிறது. எக்ஸாஸ்ட் வால்வு மூடியே கிடக்கிறது. புகை வெளியேற வழியில்லை. மேலே வரும் பிஸ்டன் அந்தப் புகையை அழுத்துகிறது. கீழே இறங்கும்போது அழுத்தப்பட்ட புகை விரிந்து பிஸ்டனைத் தள்ளிவிடுகிறது. அழுத்தக் கொடுத்த உழைப்பில் பெரும்பகுதி திரும்பக் கிடைத்துவிடுகிறது. சிலிண்டர் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் உறிஞ்சல் உண்டாவதில்லை. உறிஞ்சல் இல்லாததால் இன்லெட் வால்வு திறப்பதில்லை, பெட்ரோல் வருவதில்லை. சுடுகுழாய் தகதகவென்று எரிந்துகொண்டிருந்தாலும் எரிக்க ஒன்றுமில்லை. ஃப்ளைவீல் தன் வேகத்தில் ஓடி ஓடித் தளர்ந்ததும் எடைகள் உள்ளே வரும், கம்பி மறுபடி காம்பைச் சந்திக்கும், புகை பாயும், புதுக் கலவை வரும், வெடிக்கும். ஒரு வால்வைத் திறக்காமல் விட்டதனால் உறிஞ்சல், எரிபொருள், வெடிப்பு மூன்றும் நின்றுபோகின்றன. தனியாக வேறெந்த உறுப்பும் இதற்குத் தேவைப்படவில்லை.

அந்தக் கம்பியை அசைத்த விதமும் சொல்லத்தக்கது. பாதி வேகத்துக்கு ஓட்டோ பல்சக்கரங்கள் வைத்தார். டைம்லரும் மைபாக்கும் பல்சக்கரத்தையே தவிர்த்தார்கள். கிராங்கோடு சுழலும் வட்டத் தட்டின் முகத்தில் ஒரு பள்ளம் வெட்டினார்கள். அது உள்சுற்று ஒன்றும் வெளிச்சுற்று ஒன்றுமாக ஓடி, ஓரிடத்தில் தன்னைத்தானே குறுக்கே கடந்து, தொடங்கிய இடத்தில் வந்து சேரும் பள்ளம். அதற்குள் நீளவாக்கான சிறு உலோகத் துண்டு ஒன்று சறுக்கிக்கொண்டு போகும். தட்டு இரண்டு முறை சுற்றினால்தான் துண்டு புறப்பட்ட நிலைக்குத் திரும்பும். ஒரு சுற்றில் கம்பி உயரும், மறு சுற்றில் சும்மா இருக்கும். நான்கடிக்குத் தேவையான பாதிக் கணக்கு முழுவதும் அந்தப் பள்ளத்தின் வடிவிலேயே அடங்கிவிட்டது. 1885இல் வந்த செங்குத்து இன்ஜினில் இதுதான் இருந்தது. நின்ற கடிகாரம் போன்ற தோற்றத்தால் அந்தப் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அதன் 264 சிசி சிறு வடிவம், அரைக் குதிரைத்திறனோடு, மரச்சட்டத்தில் ஏறி உலகின் முதல் பெட்ரோல் மோட்டார் சைக்கிள் ஆனது. அதே ஆண்டு நவம்பர் 10ஆம் தேதி டைம்லரின் மகன் அதில் ஏறிக் கான்ஸ்டாட்டிலிருந்து உன்டர்டுர்க்ஹைம் வரை போய்வந்தார். 1889இல் மைபாக் வடிவமைத்த இரட்டைச் சிலிண்டர் இன்ஜினிலும் பள்ளமே தொடர்ந்தது. அந்த இன்ஜினைச் செய்யும் உரிமை பிரான்சில் பானார்–லெவசோர் நிறுவனத்துக்குப் போனது. பெஷோ நிறுவனத்தின் முதல் பெட்ரோல் வண்டிகளிலும் அதுவே ஏறியது.

அதே காலத்தில் மான்ஹைமில் கார்ல் பென்ஸ் தம் மூன்று சக்கர வண்டிக்கு, ஓட்டோவைப்போலவே, உள்ளே வரச் சறுக்கு வால்வும் வெளியேறக் காளான் வால்வும் வைத்தார். அவருடைய வண்டி புகழ்பெற்றது. வால்வுத் துறையில் அவர் புதிதாக எதையும் திறந்துவிடவில்லை என்றே சொல்லவேண்டும்.

அட்லாண்டிக்கின் மறுகரையில் இதே எண்ணம் தலைகீழாக வேலைசெய்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அமெரிக்கப் பண்ணைகளில் நீர் இறைக்கவும் மரம் அறுக்கவும் வந்த ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின்களில், வேகம் கூடியதும் ஒரு கொக்கி விழுந்து எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்தபடியே பிடித்துக்கொள்ளும். பிஸ்டன் அந்த வழியாகவே காற்றை இழுத்து, அந்த வழியாகவே விடும். உள்ளே உறிஞ்சல் உண்டாகாது, இன்லெட் வால்வு அசையாது. வேகம் குறைந்ததும் கொக்கி விடுபடும், ஒரு வெடிப்பு, மறுபடி கொக்கி. ஊஞ்சல் தளரும்போது மட்டும் ஒரு தள்ளு கொடுப்பதுபோலத்தான். ஒரு பெரிய சத்தம், பிறகு வரிசையாக மூச்சு விடும் ஒலி, மறுபடி ஒரு பெரிய சத்தம் என்று ஓடும் அந்த இன்ஜின்களை இன்றும் அங்கே கண்காட்சிகளில் ஓடவிட்டு நின்று கேட்கிறார்கள். சுமை குறைவாக இருக்கும்போது எரிபொருளை மிகச் சிக்கனமாகக் குடித்ததால், ஜான் டியர் நிறுவனம் இந்த வகை இன்ஜினை 1940கள் வரை செய்து விற்றது. நம் ஊரில் கிணற்று மேட்டில் ஆயில் இன்ஜினைக் கைப்பிடி சுற்றிக் கிளப்பியவர்களுக்கு, முதலில் ஒரு லீவரைத் தள்ளி வால்வைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றுவது நினைவிருக்கும். வேலை வேறு, ஆனால் வால்வு திறந்திருக்கும் வரை சிலிண்டர் எதிர்க்காது என்ற உண்மை ஒன்றுதான்.

பண்ணைக்குச் சரியாக இருந்த விட்டுவிட்டு வெடிக்கும் ஓட்டம் சாலைக்குச் சரிப்படவில்லை. வண்டி குலுங்கியது. சிலிண்டர்கள் இரண்டு, நான்கு என்று பெருகியபோது ஒவ்வொரு கம்பியையும் விலக்கும் கவர்னர் சிக்கலானது. 1901இல் மைபாக் வடிவமைத்து, கார் வணிகர் எமில் யெலினெக் நீஸ் நகரப் போட்டிகளுக்குக் கொண்டுபோன 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் காரில் இன்லெட் வால்வுகளும் கேமுக்குக் கட்டுப்பட்டன. அதன்பின் வேகத்தை ஆளும் பொறுப்பு கார்புரேட்டர் பக்கம் போய்விட்டது. எக்ஸாஸ்ட் வால்வை ஆட்சிக்கு வைத்த இருவரில் ஒருவரே அதை அங்கிருந்து இறக்கியும் வைத்தார்.

பொறுப்பு குறைந்ததே தவிர, அதன் துன்பம் கூடியது. முன்பு வெடிப்பைத் தவறவிடும் சுழற்சிகளில் வால்வு கொஞ்சம் ஆறும். இப்போது ஓய்வே இல்லை. 1903இல் ரைட் சகோதரர்களுக்காகச் சார்லி டெய்லர் செய்த நான்கு சிலிண்டர் இன்ஜினில் எக்ஸாஸ்ட் வால்வுகளுக்கு மட்டும்தான் கேம். இன்லெட் வால்வுகள் தானியங்கி. கிளப்பியதும் 16 குதிரைத்திறன் காட்டிய அந்த இன்ஜின், சிறிது நேரத்தில் வால்வுப் பெட்டிகள் சூடேறி, வரும் காற்றையும் சூடாக்கி, 12க்கு இறங்கிவிடும். டிசம்பர் 17ஆம் தேதி கிட்டி ஹாக் அருகே அவர்களைத் தூக்கியது அந்த 12தான்.

எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கடைசியாக ஒரு முழு ஆட்சிக் காலம் விமானத்தில் வாய்த்தது. பிரான்சின் செகான் சகோதரர்கள் செய்த நோம் ரோட்டரி இன்ஜினில் சிலிண்டர்களே சுழலும். இன்லெட் வால்வு பிஸ்டனின் தலையில் இருந்தது. அது ஒட்டிக்கொண்டால் கிராங்க் அறையில் இருக்கும் கலவையே தீப்பிடிக்கும். 1913இல் அவர்கள் அந்த வால்வையே நீக்கினார்கள். மோனோசுபாப் என்ற அந்தப் புதிய இன்ஜினில் சிலிண்டருக்கு ஒரே வால்வு, அதுவும் எக்ஸாஸ்ட். புகை போனபின்பும் அது மூடாது. பிஸ்டன் இறங்கும்போது அதே வழியாகப் புதுக் காற்று உள்ளே வரும், வரும்போது கொதிக்கும் வால்வையும் ஆற்றும். பிறகு வால்வு மூடிக்கொள்ள, பிஸ்டன் இன்னும் இறங்கி, சிலிண்டரின் அடியில் உள்ள துளைகளைத் திறக்கும். கிராங்க் அறையிலிருந்து பெட்ரோல் மிகுந்த கலவை பாய்ந்து அந்தக் காற்றோடு சேரும். வேகத்தைக் குறைக்க விமானி ஒரு பொத்தானை அழுத்தித் தீப்பொறியை நிறுத்தி நிறுத்தி விடவேண்டும். முதல் உலகப்போரில் நேச நாடுகளின் விமானங்கள் பல இந்த இன்ஜினோடு பறந்தன.

போர் முடிந்தபின் ரோட்டரி இன்ஜின்கள் விரைவில் மறைந்தன. நிலையான சிலிண்டர்களோடு நூற்றுக்கணக்கான குதிரைத்திறன் கொண்ட காற்றால் குளிரும் இன்ஜின்கள் வந்தபோது, எக்ஸாஸ்ட் வால்வுகள் எரிந்து உடைவதுதான் அவற்றின் பெரிய தடையாக நின்றது. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் வேலை பழகி, அமெரிக்காவின் டேட்டன் நகரில் மெக்குக் ஃபீல்டு ஆய்வுக்கூடத்துக்கு வந்த சாம் ஹெரான், வால்வின் காம்பைக் குடைந்து, அதற்குள் உருகும் உப்பையும் பிறகு சோடியத்தையும் அடைத்து அந்தத் தடையை உடைத்த கதை அடுத்த இதழில்.

(தொடரும்)