கல்வி, பொதுச் சுகாதாரப் புள்ளியியல் ஆய்வுகள் (திருச்சிராப்பள்ளி வட்டாரம்)

பள்ளி, மாணவர், பிறப்பு, இறப்பு, நோய், ஊட்டம் ஆகியவற்றை எண்ணியும் ஒப்பிட்டும் மக்களின் நிலையை அறியும் ஆய்வுகள் இத்தலைப்பில் அடங்கும். திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், காவிரித் தென்கரையில் கரூர் சாலையில் அந்தநல்லூர் ஒன்றியத்தைச் சேர்ந்த ஜீயபுரம் ஆகிய ஊர்கள் அடங்கிய இவ்வட்டாரத்தில் இவ்வகை ஆய்வுகளுக்கு 200 ஆண்டு வரலாறு உண்டு. ஆவணங்கள் எல்லாக் காலத்துக்கும் ஒரே அளவில் இல்லை. 1820களும் 1980களின் இறுதியும் தெளிவாகத் தெரிகின்றன. இடைப்பட்ட காலத்துக்குப் பெரும்பாலும் ஆண்டறிக்கைகளே சான்று.

மாவட்ட எல்லை பலமுறை மாறியதையும் இங்கே குறிப்பிட வேண்டும். கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்த கரூர் 1910இல் திருச்சிராப்பள்ளியோடு சேர்ந்து, 1995இல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆகவே ‘திருச்சிராப்பள்ளி மாவட்டம்’ என்ற ஒரே பெயரின் கீழ் வரும் வெவ்வேறு காலத்து எண்களை அப்படியே ஒப்பிட இயலாது.

மன்றோவின் பள்ளிக் கணக்கு (1822–1826)

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 25.6.1822 அன்று எழுதிய குறிப்பில், மாகாணத்துப் பள்ளிகளையும் மாணவர்களையும் கணக்கிட்டு அனுப்பும்படி கலெக்டர்களைப் பணித்தார். அட்டவணையில் ஆண், பெண் என்றும், சாதிப் பிரிவு வாரியாகவும், முஸ்லிம்களுக்குத் தனியாகவும் கட்டங்கள் இருந்தன. கன்னட மாவட்டம் தவிர மற்றவை எண்களை அனுப்பின.

1823இல் திருச்சிராப்பள்ளி அனுப்பிய கணக்கில் 790 பள்ளிகளும் 9 உயர்கல்வி நிலையங்களும் காணப்படுகின்றன. பள்ளி மாணவர் 10,331 பேர். அவர்களில் சிறுவர் 10,191: பிராமணர் 1,198, வைசியர் 229, அட்டவணை ‘சூத்திரர்’ என்று குறித்த சாதியினர் 7,745, பிற சாதியார் 329, முஸ்லிம்கள் 690. நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட சிறுவர் ‘சூத்திரர்’ பிரிவில் வருவது, திண்ணைப் பள்ளிகள் பிராமணர்க்கே உரியவை என்ற பொதுக் கருத்தோடு பொருந்தவில்லை. சிறுமியர் 140 பேர் மட்டுமே. அவர்களில் 56 பேர் முஸ்லிம் சிறுமியர். பதினாயிரம் சிறுவருக்கு எதிரே நிற்கும் இந்த 140 என்ற எண், அட்டவணையின் வேறெந்தக் கட்டத்தையும் விட அக்காலத்தைப் பற்றி அதிகம் சொல்கிறது.

10.3.1826 அன்று மன்றோ தொகுத்த மாகாணக் கணக்கின்படி பள்ளிகள் 12,498, மாணவர் 1,88,650, மக்கள்தொகை 1,28,50,941. வீட்டிலேயே கற்போரையும் கூட்டினால் பள்ளி வயதுச் சிறுவரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கல்வி பெறுவதாக அவர் மதிப்பிட்டார். இம்மதிப்பீடுதான் சர்ச்சைக்குள்ளானது. வீட்டுக் கல்வி பற்றிச் சென்னை நகரம் தந்த 26,963 என்ற எண்ணில் பிழை இருக்கலாம் என்று மன்றோவே ஐயுற்றார். ஆங்கிலேயர் ஆட்சிக்குப் பின் இந்தியாவில் எழுத்தறிவு குறைந்தது என்று காந்தியடிகள் 1931 அக்டோபரில் லண்டனில் கூறியபோது, கல்வியாளர் பிலிப் ஹார்டாக் அதை மறுத்தார். மாவட்ட அட்டவணைகளைத் திரட்டி 1983இல் வெளியிட்ட தரம்பால், உண்மை எண்ணிக்கை இன்னும் கூடுதலாக இருந்திருக்கும் என்று கருதினார். கணக்கு கூடுதலா குறைவா என்பதில் இன்றும் ஒருமித்த முடிவு இல்லை. ஒருமுறை எடுத்த கணக்கு அதே முறையில் மீண்டும் எடுக்கப்படாததே இதற்கு முதற்காரணம் எனலாம்.

பதிவேடுகளின் காலம் (1871–1955)

மாகாணம் முழுவதற்குமான முறையான முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1871இல் நடந்தது. அதன் அறிக்கையை எழுதிய டபிள்யூ. ஆர். கார்னிஷ் சுகாதாரத் துறையைச் சேர்ந்த மருத்துவர். 1899ஆம் ஆண்டின் சென்னைப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ் கிராமங்களில் ஊர்த் தலைவரே பதிவாளரானார். இறப்புக்குக் காரணம் எழுதியவர் மருத்துவர் அல்லர் என்பதால், ‘காய்ச்சல்’ என்ற ஒரே சொல்லுக்குள் பல நோய்கள் அடங்கிப்போயின.

ஒப்பீட்டு ஆய்வின் வருகை (1956–1985)

ஒப்பீட்டு ஆய்வுக்கு முன்மாதிரி இவ்வட்டாரத்துக்கு வெளியே அமைந்தது: 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்து சிகிச்சை மையம், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, சானடோரியத்தில் ஓராண்டு மருந்துண்டவர்களையும் வீட்டிலிருந்தே மருந்துண்டவர்களையும் ஒப்பிட்டது. நோயாளிகள் 193 பேர். 1959இல் வெளியான முடிவு, வீட்டுச் சிகிச்சையும் சானடோரியச் சிகிச்சைக்கு நிகரானது என்பது. உலகின் காசநோய்க் கொள்கையை மாற்றிய ஆய்வு இது.

எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் 1.7.1982 அன்று திருச்சிராப்பள்ளியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் தொடங்கி வைக்கப்பட்டது. பள்ளி வருகை உயர்ந்ததைப் பலர் குறித்துள்ளனர். மாநிலக் கிராமங்கள் அனைத்திலும் ஒரே சமயத்தில் தொடங்கியதால் ஒப்பிட்டுப் பார்க்கத் திட்டம் எட்டாத ஊர் இல்லை. எனவே உயர்வில் உணவின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

திருச்சி வைட்டமின் ஏ ஆய்வு (1990)

இவ்வட்டாரத்தின் பெயரை உலக மருத்துவ நூல்களில் பதித்தது இந்த ஆய்வே. வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும், முற்றினால் பார்வை போகும் என்பது முன்பே தெரியும். குழந்தைகளின் உயிரிழப்புக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்பது 1980களின் கேள்வி. இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியில் ஆல்பிரட் சாமர் குழுவினர் செய்த ஆய்வு, வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 1986இல் கூறியது. பலர் அதை நம்பத் தயங்கினர்.

மதுரை அரவிந்த் மருத்துவமனையைச் சேர்ந்த லட்சுமி ரஹ்மத்துல்லா தலைமையிலான குழு, அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டக் கிராமங்களில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான 15,419 குழந்தைகளைச் சேர்த்தது. குழந்தைகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு வாரந்தோறும் 8,333 அலகு வைட்டமின் ஏ, உடன் 20 மில்லிகிராம் வைட்டமின் ஈ. மற்ற குழுவுக்கு வைட்டமின் ஈ மட்டும். எந்தக் குழந்தைக்கு எது என்பது மறைக்கப்பட்டிருந்தது.

மருந்தைக் கொடுத்தவர்கள் மருத்துவர்கள் அல்லர், சுகாதாரத் தொண்டர்கள். ஒவ்வொரு வாரமும் குழந்தையைத் தேடிச் சென்று மருந்தைக் கொடுத்து, நோயுற்றதா, உயிரோடு இருக்கிறதா என்பதைக் குறித்துவந்தவர்களும் அவர்களே. ஓராண்டு முழுவதும், இரு குழுவிலும், வாரந்தோறும் 88 விழுக்காட்டுக்குக் குறையாத குழந்தைகளைச் சந்தித்தார்கள். களப்பணி அறிந்தோர் இந்த எண்ணின் அருமையை உணர்வர்.

அவ்வாண்டில் 125 குழந்தைகள் இறந்தனர். விபத்து நீங்கலாக 117. வைட்டமின் ஏ பெற்ற குழுவில் இறப்பு அபாயம் மற்றதில் இருந்ததைப்போல் 0.46 மடங்கே. மாதிரிப் பிழைக்கு இடம் கொடுத்தாலும் அது 0.30க்கும் 0.71க்கும் இடைப்பட்டது. மூன்று வயதுக்குக் குறைந்தோர், நெடுநாள் ஊட்டக்குறைவால் வளர்ச்சி குன்றியோர் ஆகியோரிடம் பயன் மிகுதி. முடிவு 1990 அக்டோபரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆப் மெடிசின்’ இதழில் வெளியானது.

அதே ஆண்டில் வெளிவந்த ஹைதராபாத் ஆய்வில் இத்தகைய வேறுபாடு தென்படவில்லை. அங்கே ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேரளவாகவும், திருச்சியில் வாரந்தோறும் சிற்றளவாகவும் தரப்பட்டது காரணமாக இருக்கலாம் என்பர் சிலர். உத்தரப் பிரதேசத்தில் சுமார் 10 லட்சம் குழந்தைகளிடையே நடந்து 2013இல் வெளியான ஆய்வும் மிகச் சிறிய பயனையே கண்டது. அதில் மருந்து உண்மையில் எத்தனை குழந்தைகளைச் சென்றடைந்தது என்று கேட்போர் உள்ளனர். திருச்சி முடிவு எல்லா ஊருக்கும் பொருந்துமா என்பது தீராத வினா. அன்று அக்கிராமங்களில் அது உண்மை என்பதை மறுத்தவர் குறைவு.

அண்மைக் காலம்

தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 1000 பிறப்புக்குச் சிசு மரணம் 1992–93இல் 67.7, 2019–21இல் 18.6. கிராமப்புறக் கல்வி நிலையை அசர் (ASER) அறிக்கை 2005 முதல் அளந்துவருகிறது. கொரோனாவுக்குப் பின் கற்றல் இழப்பும் ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டமும் ஆய்வுக்குள்ளாயின.

குடும்பநல ஆய்வு 2015–16 முதல் மாவட்ட அளவு மதிப்பீடுகளைத் தருகிறது, அதற்குக் கீழே இறங்குவதில்லை. ஜீயபுரம் போன்ற ஊரின் கல்வியையும் சுகாதாரத்தையும் ஆண்டுதோறும் அறிய, பள்ளி வருகைப் பதிவேடு, அங்கன்வாடியின் எடைப் பதிவேடு, கிராம நிர்வாக அலுவலரின் பிறப்பு இறப்புப் பதிவேடு ஆகியவையே ஆதாரம். இவற்றைப் பிழையின்றி எழுதுவதும் பாதுகாப்பதும் எந்தப் பெரிய ஆய்வுக்கும் முந்தைய கடமையாகும்.