கடிகார நேரமும் கடல் நேரமும்: நடுநிலை வகுப்பில் அறிவியல் முறையைக் கற்பித்தல்

குளத்தூர் ஊராட்சி நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடியில் இருக்கிறது. அதன் கடற்கரை ஊரான பொழியூரைத் தாண்டினால் கன்னியாகுமரி மாவட்டத்தின் நீரோடி. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கரையிலிருந்து கடலுக்குள் கல் கொட்டி நீட்டும் தடுப்பை வடக்கே புலிமுட்டு என்பார்கள், தெற்கே தூண்டில் வளைவு என்பார்கள். பொழியூரில் கரை அரிப்பதற்கு எல்லைக்கு அப்பால் கட்டிய தூண்டில் வளைவே காரணம் என்ற குற்றச்சாட்டு ஊரில் உண்டு. வீடிழந்தவர்களின் கோபம் அதில் இருக்கிறது. அது உண்மையாகவும் இருக்கலாம்.

இந்தக் கூற்றை ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளை எப்படிக் கையாள வேண்டும்? அறிவியல் முறையைக் கற்பிப்பது பற்றிய விவாதத்தை இக்கட்டுரை இந்தக் கேள்வியில் வைத்துப் பார்க்கிறது. தன் அளவீடே தன்னை எப்படி ஏமாற்றக்கூடும் என்று கேட்கும் பழக்கம்தான் இந்த வயதில் கற்பிக்கத் தக்க மையம். படிகளின் பட்டியல் அதைத் தராது, பிள்ளைகளைத் தாமே கண்டறிய விட்டுவிடுவதும் தராது என்பது என் வாதம்.

1. படிகளின் பட்டியல்

கவனி, கருதுகோள் அமை, சோதி, பதிவு செய், முடிவு சொல். இந்த வரிசைக்கு ஒரு மூலம் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1910இல் எழுதிய ‘நாம் சிந்திக்கும் விதம்’ என்ற நூல். ஒரு சிக்கலை எதிர்கொள்ளும் எவரது மனமும் கடக்கும் நிலைகளை அவர் ஐந்தாகப் பிரித்துக் காட்டினார். பின்வந்த பாடநூல்கள் அந்த விவரிப்பை ஆய்வகத்துக்கான கட்டளையாக மாற்றிவிட்டன. விளைவாக, பிள்ளை படிகளின் பெயர்களை ஒப்பிக்கிறது. செய்முறை நோட்டில் முடிவை முதலில் எழுதிவிட்டு அதற்கேற்ப அளவுகளை நிரப்புகிறது. பட்டியலில் எதையும் விடவில்லை என்பதால் மதிப்பெண்ணும் கிடைக்கிறது.

பட்டியலுக்கு இன்னொரு குறையும் உண்டு. நிலவியலாளர் மலையை மறுபடி எழுப்பிப் பார்க்க முடியாது. கரை அரிப்பை ஆராய்பவர் அருகே புலிமுட்டு இல்லாத இன்னொரு பொழியூரை உண்டாக்க முடியாது. சோதனைக்குள் அடங்காத அறிவியலுக்கு அந்த ஏணியில் இடமில்லை.

2. தானே கண்டறியட்டும் என்ற நம்பிக்கை

பட்டியலுக்கு எதிர்வினையாக வந்தது கண்டறிந்து கற்றல். இந்தியாவில் அதன் பெரிய முயற்சி ஹோசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம். கிஷோர் பாரதி அமைப்பும் ரசூலியாவின் நண்பர்கள் ஊரக மையமும் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் அதைத் தொடங்கின. 1978இல் அது மாவட்டம் முழுவதும் பரவியது. 1982 முதல் ஏகலவ்யா நிறுவனம் பொறுப்பேற்றது. மலிவான பொருள்கள், சோதனைகளால் நகரும் ‘பால் வைஞானிக்’ பயிற்சி நூல்கள், புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் தேர்வு என்று அது நடந்தது. 2002இல் மத்தியப் பிரதேச அரசு அதை நிறுத்தியது. தேர்வையும் சேர்த்து மாற்றினால்தான் வகுப்பறை மாறும் என்பது அது விட்டுச்சென்ற பாடம்.

ஆனால் பிள்ளைகள் எதைத் தாமே கண்டறிய முடியும், எதைச் சொல்லித்தர வேண்டும் என்பது தனிக் கேள்வி. ஊசலின் அலைவு நேரத்தை எது தீர்மானிக்கிறது என்று உளவியலாளர்கள் இன்ஹெல்டரும் பியாஜேயும் பிள்ளைகளைக் கேட்டார்கள். வயதில் இளையவர்கள் நூலின் நீளத்தையும் குண்டின் எடையையும் ஒரே சமயத்தில் மாற்றிவிட்டு, எடைதான் காரணம் என்றார்கள். மற்றதை மாறாமல் வைத்து ஒன்றை மட்டும் மாற்றும் திறன் 11, 12 வயதை ஒட்டியே உருவாகத் தொடங்குகிறது என்று இருவரும் கருதினார்கள். 1999இல் சென், கிளார் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது: 7 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கே இதை வெளிப்படையாக விளக்கிச் சொன்னபோது பலர் கற்றுக்கொண்டார்கள்; சோதனைப் பொருள்களைக் கொடுத்துத் தாமே செய்ய விட்டபோது முன்னேற்றம் குறைவு.

ஆகவே ‘ஒன்றை மட்டும் மாற்று’ என்ற விதியை ஆசிரியர் நேரடியாகச் சொல்லித்தரலாம். நூலும் கல்லும் போதும், ஒரு பாடவேளை போதும். அந்த விதி எங்கே சறுக்கும் என்பதைப் பிள்ளை கரையில்தான் கற்கும்.

3. கரையில் ஓர் ஆண்டு

பின்வரும் பயிற்சி ஒரு முன்மொழிவு. நகராத ஓர் இடத்தை, ஒரு சுவரையோ தென்னையையோ, அடையாளமாகக் கொண்டு அங்கிருந்து நீர்க்கோடு வரை கரையின் அகலத்தை வாரந்தோறும் அளக்க வேண்டும். அளக்கும் முன் ஒவ்வொருவரும் ஒன்றை எழுதி வைக்க வேண்டும்: எந்த அளவு வந்தால் என் எண்ணம் தவறு என்று ஒப்புக்கொள்வேன்?

வகுப்பறை விதியைக் கற்ற பிள்ளை, எல்லாம் ஒன்றுபோல இருக்கட்டும் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை 10 மணிக்கே அளக்கும். ஒரு வாரம் கரை அகலும், மறுவாரம் குறுகும், அதற்கடுத்த வாரம் மீண்டும் அகலும். காரணம் ஓதம். அது நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி வருகிறது. ஏழு நாளில் 350 நிமிடம், அதாவது 5 மணி 50 நிமிடம். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே சுமார் 6 மணி 12 நிமிடம். இந்த வாரம் 10 மணிக்கு ஏற்றம் என்றால், அடுத்த வாரம் அதே மணிக்கு இறக்கத்தை ஒட்டிய நிலை. கரைச் சரிவு பத்துக்கு ஒன்று என்று கொண்டால், அரை மீட்டர் ஓத வேறுபாடே நீர்க்கோட்டை 5 மீட்டர் நகர்த்திவிடும். நேரத்தை மாறாமல் வைத்ததாக நினைத்த பிள்ளை கடிகாரத்தைத்தான் மாறாமல் வைத்தது. கடல் நிலாவின் கணக்கில் நடக்கிறது. வள்ளம் இறக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இது முன்பே தெரிந்திருக்கும். அன்று வகுப்பில் ஆசிரியர் அந்தப் பிள்ளையே.

இங்கிருந்து கேள்விகள் தாமாகக் கிளைக்கும். அளக்க வேண்டியது நீர்க்கோடா, அன்றாட ஓதத்தால் அசையாத மணல்மேட்டு விளிம்பா? எடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் அலை மணலை வாரிச் செல்கிறது. மழை ஓய்ந்த மாதங்களில் பெருமளவு திரும்புகிறது. ஜூலையில் மட்டும் அளந்தவர் கடல் தின்கிறது என்பார், ஜனவரியில் மட்டும் அளந்தவர் கடல் தருகிறது என்பார். இரண்டு பேருடைய எண்ணும் சரி, இரண்டு பேருடைய முடிவும் தவறு. புலிமுட்டுக்கு அருகே ஓரிடம், தொலைவில் ஓரிடம் என்று ஒப்பிடாமல் அதன் மேல் பழி போட முடியுமா? மணல் நகரும் திசையும் பருவத்தோடு மாறக்கூடியது. ஒப்பீட்டுக்கும் அது ஒரு பொறி.

4. மறுப்புகள்

முதல் மறுப்பு பாதுகாப்பு. மழைக்காலக் கடலருகே பிள்ளைகளை விடக்கூடாது. 2017 ஒக்கிப் புயலின் துயரத்தை இந்தக் கரை மறக்கவில்லை. அமைதியான மாதங்களில் 5 மீட்டருக்கு ஒன்றாகக் கம்புகளை நட்டுவிட்டால், மழையில் எத்தனை நிற்கின்றன என்று பாதுகாப்பான தொலைவிலிருந்தே எண்ணலாம்.

இரண்டாவது, இத்தகைய செயல்பாடுகளுக்கு ஏற்கெனவே இடமிருக்கிறது என்பது. 1962இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தும் அதன் ‘யுரேகா’ இதழும், எல்லைக்கு அப்பால் 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் அதன் ‘துளிர்’ இதழும், 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடும் செய்தவை பெரியவை. ஆனால் மேடைக்குப் போவது சில பிள்ளைகளே. மேடை முடிவைக் கேட்கிறது. தவறிய அளவீட்டை விளக்கச் சாதாரண வகுப்பறையே தகுந்த இடம்.

மூன்றாவதுதான் கனமானது: ஊரே உணர்ச்சிவசப்பட்டிருக்கும் பொருளை வகுப்புக்குள் கொண்டுவரலாமா? கொண்டுவர வேண்டும் என்பேன். யாருக்கும் அக்கறையில்லாத கருதுகோளைக் கைவிடுவது எளிது. தன் மாமாவின் வீடு போன கரையைப் பற்றித் தான் நம்புவதையே சந்தேகிக்கும்போதுதான் முறைக்கு வேலை வருகிறது.

ஓராண்டு அளந்த பிறகும் ‘புலிமுட்டுதான் காரணம்’ என்று ஒரு மாணவி எழுத முடியாது. அவள் எழுதக்கூடியது இது: ‘மழைக்குப் பின் இங்கே இத்தனை மீட்டர் திரும்பவில்லை, அங்கே திரும்பியது, ஓராண்டு போதாது, அடுத்த எடவப்பாதிக்குப் பிறகும் இப்படியே இருந்தால் என் எண்ணம் வலுப்படும்.’ தேர்வுத்தாளில் இந்த விடைக்கு முழு மதிப்பெண் தருவதும் உறுதியாகச் சொன்ன தவறான விடைக்குக் குறைப்பதும் ஆசிரியர் கையில் மட்டும் இல்லை. வினாத்தாள் அமைப்பவர்களும் மாற வேண்டும்.