மான் வரும் பாதை

ஒரு சின்னக் கற்பனை. கையில் வில், முதுகில் அம்புக்கூடு. காட்டுக்குள் மான் வேட்டைக்குப் போகிறீர்கள். நம் ஊரில் அல்ல... இங்கே 1972-ம் ஆண்டுச் சட்டம் உங்களை நேராக ஜெயிலுக்கு அனுப்பிவிடும்! அமெரிக்கா என்று வைத்துக்கொள்வோம். அங்கே சீஸனும் லைசென்ஸும் உண்டு. கேள்வி இதுதான்: எந்த மரத்தில் பரண் கட்டுவீர்கள்?

"நல்ல உயரமான மரமாப் பார்த்து ஏறிட வேண்டியதுதான்!" என்றால் சாயங்காலம் வெறுங்கையோடுதான் வீடு திரும்புவீர்கள். துப்பாக்கிக்காரன் இருநூறு கஜத்திலிருந்து சுடலாம். வில்லுக்கு மான் இருபது கஜத்துக்குள் வந்தாக வேண்டும். நீங்கள் அதைத் தேடிப் போக முடியாது, அதுவாக உங்களிடம் வர வேண்டும். ஆகவே, மான் எங்கே படுக்கிறது, எங்கே மேய்கிறது, இரண்டுக்கும் நடுவே எந்த வழியாக நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அந்த வழி ஓடைக்கும் செங்குத்துச் சரிவுக்கும் நடுவில் குறுகுகிற இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம்! அப்புறம் காற்று. அது மானிடமிருந்து உங்களை நோக்கி வீச வேண்டும். மலைச்சரிவில் இன்னொரு சிக்கல். வெயில் ஏற ஏறக் காற்று மேலே போகும், பொழுது சாய்ந்தால் கீழே இறங்கும். காலையில் பிரமாதமாக இருந்த மரம் மாலையில் உங்கள் வியர்வை வாடையை மானின் மூக்குக்கே அனுப்பி வைக்கும். இதெல்லாம் சரியாக அமைந்தாலும், மரத்துக்குப் போகும்போது மானின் பாதையை மிதித்துவிட்டால் காரியம் கெட்டது.

(நம் குறிஞ்சி நிலத்திலும் தினைப்புனத்தில் பரண் உண்டு. ஆனால் அது வருகிறதை விரட்ட. இது வருகிறதுக்காகக் காத்திருக்க!)

இந்த நவீன வில் வேட்டையின் கதையைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால், கலிஃபோர்னியாவில் ஓரோவில் என்கிற ஊரின் ஒரு கசாப்புத் தொட்டியில் போய் நிற்போம். 1911, ஆகஸ்ட் 29. பசியில் எலும்பும் தோலுமாக, துக்கத்துக்காகத் தலைமுடியைப் பொசுக்கிக்கொண்ட ஒரு மனிதர் அங்கே பிடிபட்டார். அவர் பேசிய மொழி யாருக்கும் புரியவில்லை. என்ன செய்வதென்று தெரியாத ஷெரீஃப் அவரைச் சிறை அறையில் வைத்தார்.

யாஹி என்கிற சிறு பழங்குடியின் கடைசி மனிதர் அவர். 1848-ல் கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்த செய்தி பரவியதும் வெள்ளைக்காரர்கள் வெள்ளமாக வந்து இறங்கினார்கள். அடுத்த இருபது சொச்சம் வருடங்களில், சில நூறு பேரே இருந்த யாஹி மக்கள் துப்பாக்கிகளுக்கு இரையானார்கள். மிஞ்சிய கொஞ்சம் பேர் டீர் க்ரீக், மில் க்ரீக் பள்ளத்தாக்குகளில் ஒளிந்தார்கள். 'டீர் க்ரீக்' என்றால் மான் ஓடை! சுமார் நாற்பது வருட ஒளிவு வாழ்க்கை. மண்ணில் காலடித் தடம் பதியாமல் பாறைக்குப் பாறை தாண்டினார்கள். புதருக்கு அடியில் தவழ்ந்து போனார்கள். அடுப்புப் புகைகூட மேலே எழும்பிவிடாதபடி சின்னதாகத் தீ மூட்டினார்கள். துப்பாக்கி கிடைத்திருந்தாலும் வெடித்திருக்க முடியாது. ஒரு சத்தம் போதுமே, கதை முடிந்துவிடும்! வில்தான் ஊமை ஆயுதம்.

யோசித்துப் பாருங்கள். மானுக்குத் தெரியாமல் ஓர் இடம் பிடிக்கவே நமக்கு நாக்குத் தள்ளுகிறது. இவர்கள் மானுக்கும் மனிதனுக்கும் சேர்த்து மறைந்திருந்தார்கள்.

1908-ல் அணை கட்ட இடம் பார்க்க வந்த சர்வே ஆட்கள் கடைசி மறைவிடத்தில் தடுமாறி நுழைந்தார்கள். அப்போது மிஞ்சியிருந்தது நாலே பேர். நடக்க முடியாத ஒரு கிழவி மட்டும் போர்வைக்குள் கிடந்தார். வந்தவர்கள் வில், அம்பு, கம்பளி என்று கையில் கிடைத்ததையெல்லாம் 'ஞாபகார்த்தமாக' எடுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் வந்து பார்த்தால் அங்கே யாரும் இல்லை. அந்தக் கிழவியின் மகன்தான் மூன்று வருடம் கழித்து ஓரோவிலில் பிடிபட்டவர்.

மானுடவியல் பேராசிரியர் ஆல்ஃப்ரெட் க்ரோபர் அவரை சான் பிரான்சிஸ்கோ மியூசியத்தில் தங்க வைத்தார். பெயர் கேட்டால் அவர் சொல்லவில்லை. தன் பெயரைத் தானே சொல்வது யாஹி வழக்கம் இல்லை. 'இஷி' என்று க்ரோபர் கூப்பிட்டார். அவர்கள் மொழியில் 'மனிதன்' என்று அர்த்தம்.

மியூசியத்துக்குப் பக்கத்திலேயே மருத்துவக் கல்லூரி. அங்கே சாக்ஸ்டன் போப் என்கிற சர்ஜன். இஷி வில் செய்வதைப் பார்த்து டாக்டர் சொக்கிப்போனார். இருவரும் சிநேகிதர்கள் ஆனார்கள். 1914 மே மாதம் க்ரோபர், போப் எல்லோரும் சேர்ந்து இஷியை அவருடைய பழைய பள்ளத்தாக்குக்கே கூட்டிப்போனார்கள். முதலில் இஷிக்குக் கிளம்ப மனசே இல்லையாம். இருக்காதா பின்னே!

வேட்டைக்கு முந்தின நாள் இஷி மீன் சாப்பிட மாட்டார், சுருட்டு வாடைகூட ஆகாது. காலையில் தலையோடு குளித்து வாயைக் கொப்பளித்து வெறும் வயிற்றோடு கிளம்புவார். நாகரிக உலகம் கொடுத்த ஷூ அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனாலும் 'குதிரை மாதிரி சத்தம் போடுகிறது' என்று கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு நடப்பார். பாடம் பண்ணிய மான் தலையை மாட்டிக்கொண்டு புதருக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பதும் ஒளிவதுமாக இருப்பார். 'அங்கே என்ன?' என்கிற ஆர்வத்தில் மான் தானே நெருங்கி வரும். போப்புக்கு அவர் காட்டிக்கொடுத்தது பாறை மறைவும் புதர் மறைவும்தான், மரப் பரண் அல்ல. இன்று வாசனையில்லாத சோப்பு போட்டுக் குளித்துவிட்டுப் பரண் ஏறுகிற அமெரிக்கர் செய்வதும் அதே கணக்குதான்!

1916 மார்ச் 25-ம் தேதி காசநோயில் இஷி இறந்தார். பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று நியூயார்க்கிலிருந்து க்ரோபர் கோபமாக எழுதிய கடிதம் தாமதமாக வந்து சேர்ந்தது. மூளையைத் தனியே எடுத்துவிட்டார்கள்.

போப் 1923-ல் வில் வேட்டை பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதைப் படித்து வில்லைத் தூக்கியவர்கள் ஏராளம். 1934-ல் விஸ்கான்சின் மாநிலம் வில்லுக்கென்றே தனியாக மான் வேட்டை சீஸன் அறிவித்தது. 1961-ல் போப் பெயரையும் அவருடைய வேட்டைத் தோழர் ஆர்ட் யங் பெயரையும் சேர்த்து 'போப் அண்ட் யங் க்ளப்' உருவானது. மானின் கொம்பை அளந்து ரெக்கார்டு எழுதி வைக்கிற சங்கம். இஷிக்கு அந்தப் பெயர்ப் பலகையில் இடம் கிடைக்கவில்லை.

அவருடைய மூளை? ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் கிடங்கில் எண்பது வருடங்களுக்கு மேல் இருந்தது. 2000-ம் ஆண்டில் அவருக்கு நெருங்கிய உறவுடைய பழங்குடியினர் அதைத் திரும்பப் பெற்று, அஸ்தியோடு சேர்த்து அவருடைய மலைநாட்டில் அடக்கம் செய்தார்கள். எந்த இடம் என்று வெளியே சொல்லவில்லை.