லுணுகலை: கொவிட் கட்டுப்பாடுகளும் சிறுபிள்ளைகளின் நலனும்

லுணுகலை, ஊவா மாகாணத்தின் பதுளை மாவட்டத்தில் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த சிறுநகரம். 2020–2021 பெருந்தொற்றுக் காலத்தில் பிள்ளைகளின் கற்றல் எவ்வளவு பாதிக்கப்பட்டது என்பதற்கு இப்பகுதி ஒரு சான்றாயிற்று.

பாடசாலை மூடல்: இலங்கைப் பாடசாலைகள் 2020 மார்ச் நடுப்பகுதியில் மூடப்பட்டன; மார்ச் 20 இல் நாடளாவிய ஊரடங்கு தொடங்கியது. பிறகு பாடசாலைகள் திறப்பதும் மூடுவதுமாக இருந்தன. 200 மாணவருக்குக் குறைந்த பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகள் 2021 ஒக்டோபர் 21 இல் மீண்டும் இயங்கின.

இணையவழிக் கற்றல்: லுணுகலையில் இணையச் சமிக்ஞை கிடைக்காததால், பெரியவர்கள் பிள்ளைகளை வனப்பகுதி மலையுச்சிக்கு அழைத்துச் சென்றனர். அங்கே ஏறத்தாழ 30 அடி உயர மரவீட்டில் பிள்ளைகள் முறைவைத்துப் பாடங்களைத் தரவிறக்கினர். நாட்டின் 43 இலட்சம் மாணவரில் சுமார் 40 சதவீதத்தினரே இணைய வகுப்புகளில் சேர முடிந்ததாக இலங்கை ஆசிரியர் சங்கம் மதிப்பிட்டது.

லயன் வாழ்வு: தோட்டத் தொழிலாளரின் நெருக்கமான வரிசை வீடான லயன் காம்பராவில் விளையாடவோ தனித்திருந்து படிக்கவோ இடம் குறைவு. முன்பள்ளி வயதில் பேச்சும் பழகும் திறனும் வளர, சக பிள்ளைகளோடு கூடியாடுவதும் உதவுகிறது. அந்தத் தொடர்பு அறுந்தால் பயம், எரிச்சல், தூக்கக் குலைவு தோன்றலாம். வீட்டில் கைபேசி ஒன்றே இருந்தால் அது மூத்த பிள்ளையின் பாடத்துக்கே போகலாம், இளையவர் பின்தங்கலாம்.

பின்விளைவு: 2022 பொருளாதார நெருக்கடி இழந்த கற்றலை மீட்பதை மேலும் கடினமாக்கியது. எனவே, அடுத்த நெருக்கடியில் தோட்டப்புற முன்பள்ளிகளும் ஆரம்ப வகுப்புகளும் கடைசியாக மூடப்பட்டு முதலில் திறக்கப்பட வேண்டும்.