குண்டுக்குப் பயந்த கூரை

இங்கிலாந்துக் கிராமத்துத் தேவாலயம் என்றதும் நமக்கு ஒரு படம் வரும். பெரும்பாலும் டிவியில் பார்த்ததுதான். மேற்கே ஒரு கோபுரம், கிழக்கே பலிபீடம், நடுவே மரச்சட்டங்கள் தாங்கும் சரிவான கூரை, சுற்றிலும் பாசி பிடித்த கல்லறைகள். பல தலைமுறையாக ஒரே ஊரில் பிறந்து செத்தவர்களின் கட்டடம் அது. அதை அப்படியே கப்பலேற்றிக் கொண்டுவந்து சென்னையில் வைக்க நினைத்தால் என்ன ஆகும்? கூரை மாறிவிடும்.

அஸ்தினாபுரத்துக்காரர்களுக்கு இதைப் பார்ப்பது ரொம்ப சுலபம். குரோம்பேட்டையில் கடற்கரை ரயில் ஏறி, கோட்டை ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் போதும். வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள்.

ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயத்தைத் தொடங்கியவர் அன்றைய கவர்னர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர். செலவுக்குக் கோட்டையிலிருந்த ஆங்கிலேயர்களிடம் சந்தா வசூலித்தார்கள். 1678 மார்ச் 25, மரியாளின் திருநாளன்று வேலை ஆரம்பித்தது, பெயரும் அதிலிருந்துதான். 1680 அக்டோபர் 28இல் அர்ப்பணித்தார்கள். அதே காலத்தில் லண்டனில் 1666 தீவிபத்தில் எரிந்த தேவாலயங்களை கிறிஸ்டோபர் ரென் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். அங்கே பயம் தீ. இங்கே பயம் பீரங்கி.

அதனால் இந்தத் தேவாலயத்தில் கதவு ஜன்னல் தவிர மரமே கிடையாது. வெளிச்சுவர் நான்கடி கனம். மேலே செங்கல்லும் சுண்ணாம்புமாக மூன்று வளைவுகள், இரண்டடி கனம். பழைய மெட்ராஸ் வீடுகளின் தேக்கு உத்திரத்துக்கு இங்கே வேலையில்லை, கரையானுக்கும் இல்லை. எங்கள் அபார்ட்மெண்ட் மொட்டைமாடி ஐப்பசி மழைக்கே கண்ணீர் விடுகிறது. இதுவோ முந்நூற்று நாற்பது வருஷத்தைத் தாண்டி நிற்கிறது.

உள்ளே நின்றால் அழகு என்று முதலில் தோன்றாது, பாதுகாப்பு என்றுதான் தோன்றும். ஜெபிக்க வந்தவர்களை விட ஒளிய வந்தவர்களை மனதில் வைத்துக் கட்டியது போல. கிளைவின் கல்யாணம் 1753இல் இங்கேதான் நடந்தது. அந்தக் கதையை வழிகாட்டிகள் போதுமான அளவு சொல்லிவிட்டார்கள். கோபுரம் பின்னால் வந்து சேர்ந்தது. இதை வடிவமைத்தவர் கோட்டையின் பீரங்கிப்படை ஆள் ஒருவர் என்று சொல்வதுண்டு. கூரையைப் பார்த்தால் நம்பலாம். சாரம் கட்டி, செங்கல் அடுக்கி, சுண்ணாம்பு அரைத்த கொத்தனார், சித்தாள்களின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. சுவரெல்லாம் துரைமார்களின் நினைவுப் பளிங்குகள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது வெளியேதான். முற்றம் முழுக்கக் கல்லறைக் கற்கள், ஆனால் கீழே யாரும் புதைக்கப்படவில்லை. பழைய கல்லறைத் தோட்டம் கோட்டைக்கு வெளியே, பின்னாளில் சட்டக்கல்லூரி வந்த இடத்தில் இருந்தது. 1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப்படை முற்றுகையிட்டபோது அங்கிருந்த உயரமான சமாதிகள் அவர்களுக்கு நல்ல மறைவாகிவிட்டன. 1759 பிப்ரவரியில் முற்றுகை முடிந்தது. அதற்குப் பிறகு ஆங்கிலேயர்கள் தங்கள் சொந்தக்காரர்களின் சமாதிகளைத் தாங்களே இடித்தார்கள். கற்களை மட்டும் கொண்டுவந்து இங்கே பரப்பினார்கள். எலிசபெத் பேக்கருடைய 1652ஆம் வருஷத்துக் கல்லும் அதில் ஒன்று. தேவாலயத்தை விட மூத்தது.

ஹைதர் அலியோடு சண்டை வந்தபோது, 1782இல், இந்தக் கற்களைத் திரும்பப் பெயர்த்தெடுத்து பீரங்கிகளுக்கு மேடை போட்டார்கள். சண்டை ஓய்ந்து முற்றத்துக்குத் திரும்பிய கற்கள் சிலவற்றில் பெயர் உடைந்திருக்கிறது. குனிந்து பார்த்தால் லத்தீன், போர்த்துகீசியம், ஆர்மீனியம் எல்லாம் கலந்து கிடக்கும். வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள், கல் சுடும்.