சீனி வருமுன் இனித்த விசுக்கோத்து



சென்ற தவணை முடிவதற்கு ஒரு கிழமை முன்பு, எங்கள் பாடசாலையின் மனையியல் ஆசிரியை ஒரு தட்டு நிறைய விசுக்கோத்தைக் கொண்டுவந்து ஆசிரியர் அறை மேசைமேல் வைத்தார். பேரீச்சம்பழமும் நன்கு கனிந்த கதலிப்பழமும் குரக்கன் மாவும் சேர்த்துப் பிசைந்து போறணையில் வெதுப்பியவை. சீனி ஒரு மணியேனும் அவற்றில் இல்லை என்றார். நீரிழிவு காரணமாகப் பல்லாண்டுகளாக வெறுந்தேநீரையே அருந்திவரும் மூத்த ஆசிரியர் ஒருவர் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, “சீனியில்லாத விசுக்கோத்தோ? இதெல்லாம் இந்தக் காலத்து வைத்தியர்கள் கண்டுபிடித்த புதினம்” என்றார். வரலாறு கற்பித்துப் பழகிய நாவை அடக்குவது எளிதன்று. “இல்லை ஐயா, சீனியிட்டதுதான் புதினம், இதுதான் பழையது” என்று நான் சொல்லி வாய்மூடுமுன் மணி அடித்துவிட்டது. அன்று சொல்லாமல் விடுபட்டதை இன்று உங்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

முதலிற் பெயரையே பாருங்கள். நாம் சீனி என்று வழங்கும் சொல் சீன நாட்டை நினைவூட்டுவது. ஆனால் கரும்புச் சாற்றைக் காய்ச்சி மணிமணியாக உறையச் செய்யும் வித்தை பாரத நாட்டிலே தோன்றி வளர்ந்தது. வடமொழியிற் பருக்கைக் கல்லைக் குறித்த சர்க்கரா என்ற சொல்லே பாரசீகத்தில் ஷக்கர் என்றும், அரபியிற் சுக்கர் என்றும் உருமாறி, ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் குடிபுகுந்தது. கி.பி. 647ஆம் ஆண்டிற் சீனப் பேரரசர் தாய்சோங், இந்த வித்தையைக் கற்றுவருமாறு மகத நாட்டுக்குத் தூதரை அனுப்பினார் என்பது சீன வரலாற்று நூல்களிற் பதிவாகியுள்ளது. கற்க வந்தவர் பெயரையே பண்டத்துக்கு நாம் சூட்டிக்கொண்டிருப்பது ஒரு வேடிக்கைதான்.

உரோமருக்கும் கிரேக்கருக்கும் சீனி ஒரு மருந்துச் சரக்கு. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் டியோஸ்கொரிடிஸ், இந்தியாவிலும் அரேபியாவிலும் நாணல்களில் உறையும் ஒருவகைத் தேன் என்று அதனை எழுதிவைத்தார். அவ்வாறாயின் அக்காலத்து அடுப்புகளில் வெந்த இனிப்புப் பண்டங்களுக்கு இனிமை எங்கிருந்து வந்தது? தேனிலிருந்து வந்தது, பழத்திலிருந்தும் வந்தது.

இயூப்பிரிட்டீசு ஆற்றங்கரையில் இருந்த மாரி என்னும் நகரின் அரண்மனையிற் கண்டெடுக்கப்பட்ட களிமண் பலகைகள் கி.மு. 18ஆம் நூற்றாண்டின் கணக்கேடுகள். அரசனுடைய உணவுக்காக மெர்சு என்னும் இனிப்பைச் செய்யப் பேரீச்சம்பழமும் பிஸ்தாப் பருப்பும் வழங்கப்பட்ட செய்தி அவற்றில் உண்டு. இன்றும் ஈராக்கிற் கலீச்சா என்றும், சிரியாவிலும் லெபனானிலும் மஆமூல் என்றும் பேரீச்சம்பழ விழுதைப் பொதிந்து வெதுப்பும் பண்டங்களைப் பெருநாட் காலங்களில் வீடுதோறும் செய்கின்றனர். முஸ்லிம் வீட்டில் ஈதுப் பெருநாளுக்கும் கிறித்தவ வீட்டில் உயிர்த்த ஞாயிறுக்கும் அதே மஆமூல்.

ஆயினும் என் மனத்தை மிகவும் கவர்ந்தது உரோமருடைய விசுக்கோத்தே. மூத்த கேற்றோ என்று வழங்கும் மார்க்கஸ் கேற்றோ கி.மு. 234 முதல் 149 வரை வாழ்ந்த அரசியலாளர், கண்டிப்புக்குப் பேர்போனவர். கார்த்தேஜ் நகரை அழித்தேயாக வேண்டும் என்று ஓயாது வற்புறுத்தியவர் அவரே. அத்தகைய மனிதர் எழுதிய வேளாண்மை நூலில், ஒலிவ மரம் நடுவதற்கும் எருது வாங்குவதற்கும் நடுவே, பணியாரம் செய்யும் முறைகளும் காணப்படுகின்றன. அவற்றுள் ஒன்று முஸ்தேசியம். ஒரு மோடியஸ், அதாவது ஏறத்தாழ எட்டரை லீற்றர் அளவு நல்ல கோதுமை மாவை எடுத்து, அப்போது பிழிந்த திராட்சைச் சாற்றைத் தெளித்துப் பிசைய வேண்டும். பெருஞ்சீரகம் போன்ற மணமுள்ள அனிசு விதை, சீரகம், இரண்டு இறாத்தல் கொழுப்பு, ஓர் இறாத்தல் பாற்கட்டி, லோரல் மரக் கிளையிற் சுரண்டிய பட்டை என்பவற்றைச் சேர்க்க வேண்டும். உருட்டித் தட்டி, ஒவ்வொன்றின் அடியிலும் லோரல் இலையை வைத்து வெதுப்ப வேண்டும். இவ்வளவே. இலையிலே வைத்து வேகவைத்தால் மணம் ஏறும் என்பதை நம் வீட்டுப் பெண்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இந்தப் பண்டத்தைத் திருமண விருந்தின் முடிவில் விருந்தினருக்கு வழங்கியதாக ஜுவெனல் என்னும் அங்கதப் புலவரால் அறிகின்றோம். வெற்றி வீரர் தலையிற் சூடுவதும் லோரல் இலை. பணியாரத்தின் அடியிற் கிடப்பதும் லோரல் இலை. ஆதலால், அற்பச் செயலிற் பெரும்புகழ் தேடுவோரை முஸ்தேசியத்தில் வெற்றிமாலை தேடுபவர் என்று எள்ளும் வழக்கு ஒன்று உரோமரிடையே இருந்தது. சிசரோ தம் கடிதமொன்றில் இதனை எடுத்தாள்கின்றார். கிரேக்க நாட்டிலே திராட்சைச் சாற்றை வற்றக் காய்ச்சிய பாணியைக் கொண்டு செய்யும் மொஸ்தோகூலுரா என்னும் வளைய விசுக்கோத்து இன்றும் கடைகளிற் கிடைக்கின்றது. அது இந்தப் பழைய இனிப்பின் உறவினர் என்று கொள்ளலாம்.

பழமையானது என்பதாலேயே எதுவும் நல்லதாகிவிடாது என்பதையும் ஈண்டுச் சொல்லியாக வேண்டும். உரோமர் தமது திராட்சைப் பாணியைக் காய்ச்சுவதற்கு வெண்கலத்தைவிட ஈயப் பாத்திரமே சிறந்தது என நம்பினர். கொலுமெல்லா, பிளினி ஆகிய அறிஞர்களும் அவ்வாறே எழுதினர். பழச்சாற்றின் புளிப்பு ஈயத்தோடு சேரும்போது தோன்றும் உப்பு நாவுக்கு இனிப்பாக இருக்கும், உடலுக்கோ நஞ்சு. இயற்கையான இனிப்பு என்று எவரேனும் அளவின்றிப் புகழும்போதெல்லாம் எனக்கு அந்த ஈயப் பாத்திரம் நினைவுக்கு வருகின்றது.

அரபியர் கரும்பை மத்தியதரைக் கடல் நாடுகளுக்குக் கொண்டுசென்றனர். 1493இல் தமது இரண்டாம் பயணத்தின்போது கொலம்பஸ் அதனை அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால் எடுத்துச் சென்றார். அதன்பின் நிகழ்ந்தவை இனிப்பான கதையன்று. மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கும் ஆலைகளுக்கும் ஆபிரிக்க மக்கள் இலட்சக்கணக்கிற் பிடித்துச் செல்லப்பட்டனர். இங்கிலாந்தில் ஒருவர் ஓராண்டில் உட்கொண்ட சீனி 1700ஆம் ஆண்டளவிற் சுமார் 4 இறாத்தல். 1800இல் அது சுமார் 18 இறாத்தலாயிற்று. 1900இல் 80 இறாத்தலையும் கடந்துவிட்டது. செல்வர் வீட்டுப் பெட்டகத்திற் பூட்டிவைத்த பொருள் கூலியாளின் தேநீர்க் கோப்பைக்கு வந்தது. சீனி மலிந்தபோது, விசுக்கோத்தில் இனிப்புக்காக இட்ட பழம் அலங்காரத்துக்கு இடும் பொருளாகிவிட்டது.

இந்த மலிவின் விலையை எவர் கொடுக்கின்றனர் என்ற கேள்வி 1791இல் எழுந்தது. அடிமை வாணிகத்தை நிறுத்த வேண்டுமென்று வில்பர்போர்ஸ் கொண்டுவந்த பிரேரணையை அவ்வாண்டு ஏப்பிரல் மாதத்திற் பிரித்தானியப் பாராளுமன்றம் 88க்கு எதிராக 163 வாக்குகளால் தோற்கடித்தது. வழி அடைபட்டது என்று பலர் சோர்ந்திருக்க, வில்லியம் பொக்ஸ் என்பவர் ஒரு சிறு பிரசுரத்தை வெளியிட்டார். சட்டம் செய்வது பாராளுமன்றத்தின் கையில் உள்ளது. சீனியை வாங்காதிருப்பது நம் கையில் உள்ளது என்பதே அதன் சாரம். வாரத்துக்கு 5 இறாத்தல் சீனி செலவிடும் ஒரு குடும்பம் 21 மாதங்கள் அதனை விலக்குமாயின், ஒரு மனிதன் அடிமையாவதையோ கொலையுண்பதையோ தடுத்ததாகும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். கணக்கு எவ்வளவு திட்டமானது என்று இன்று ஆராய்வதிற் பயனில்லை. அது வீடுகளுக்குள் நுழைந்தது. நாடெங்கும் சுற்றிய தோமஸ் கிளாக்சன், சீனியைக் கைவிட்டோர் மூன்று இலட்சம் பேருக்குக் குறையார் என மதிப்பிட்டார். பலர் தேநீரை இனிப்பின்றியே அருந்தினர். சிலர் அடிமைகளால் விளைவிக்கப்படாத கிழக்கிந்தியச் சீனியை நாடினர். அக்காலத்திற் பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. எனினும் எந்தப் பொருள் அடுக்களைக்குள் வரலாம் என்று தீர்மானித்தவர்கள் அவர்களே. அடிமை வாணிகம் 1807இலும், பிரித்தானியக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை 1833ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் ஒழிந்தன. நட்டஈடாக 2 கோடிப் பவுண் ஒதுக்கப்பட்டது. அடிமைகளுக்கு அன்று, அவர்களை உடைமையாக வைத்திருந்தோருக்கு.

இங்கே கதை நம் இனத்தாரின் வாசலுக்கும் வருகின்றது. விடுதலை பெற்ற ஆபிரிக்கர் விட்டுச்சென்ற இடத்துக்கு ஒப்பந்தக் கூலிகள் தேவைப்பட்டனர். 1834 முதல் மொரீசியசுக்கு இந்தியர் சென்றனர். 1860இற் சென்னையிலிருந்து புறப்பட்ட துரூரோ என்னும் கப்பல், தமிழரும் தெலுங்கருமான கூலிகளை ஏற்றிக்கொண்டு நவம்பர் 16ஆந் திகதி தென்னாபிரிக்காவின் டேர்பன் துறையை அடைந்தது. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் அல்லலுற்ற பெண்களை எண்ணிப் பாரதியார் பாடியதை நம்மிற் பலர் பள்ளியிற் படித்திருக்கிறோம்.

சீனியைப் போர் தடுத்த காலமும் உண்டு. 1806இல் நெப்போலியன் ஆங்கிலேயரின் வாணிகத்துக்கு ஐரோப்பாவின் கதவுகளை அடைத்தபோது, பிரான்சிற் சீனி அருகியது. உருளைக்கிழங்கைப் பிரெஞ்சு மக்களிடையே பரப்பிய பார்மன்ரியே, திராட்சைப் பாணி காய்ச்சும் முறைகளை எழுதி வெளியிட்டார்; கேற்றோவின் காலத்துப் பாணி மீண்டும் அரங்கேறியது. ஆனால் பீட்கிழங்கிற் சீனி உண்டு என்பதை மார்க்கிராப் 1747இலேயே கண்டறிந்திருந்தார். 1812இல் டெலசேர் அதனைத் தம் ஆலையில் வெற்றிகரமாகச் செய்துகாட்டியதும் திராட்சைப் பாணியை அனைவரும் மறந்தனர்.

நம் நாட்டுப் பனையை மறந்து இவ்வளவும் பேசுதல் தகாது. வில்லியம் பேர்கசன் 1850இற் கொழும்பில் வெளியிட்ட பனை பற்றிய நூலிற் பனாட்டுக்கும் இடமுண்டு. ஆவணி மாதமளவிற் பழுத்து விழும் பனம்பழத்தைப் பிசைந்து, களியை வடித்துப் பாயிலே பரப்பி, வெயிலிற் காய்ந்ததும் அதன்மேல் மீண்டும் களியைப் பூசிக் காயவைத்து உரித்தெடுப்பது பனாட்டு. அதனைப் பாணியில் ஊறவைத்தாற் பாணிப்பனாட்டு. 1990களிற் பொருளாதாரத் தடை நிலவியபோது யாழ்ப்பாணத்திற் சீனி அரும்பொருளாயிற்று. உள்ளங்கையிற் பனங்கட்டித் துண்டொன்றை வைத்துக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் அருந்திய தலைமுறை எங்களுடையது. என் தாயார் பனையோலைப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்த பனாட்டிற் கைவைத்து அகப்பட்டுக்கொண்டவர்களுள் நானும் ஒருவன். அப்போது எனக்கு மீசை அரும்பியிருந்தது.

ஆனால் அந்த மூத்த ஆசிரியருக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவைத்தேன். பனங்கட்டியும் பெரும்பாலும் சீனியின் இனமே. தேன், பழப்பாணி, பிழிந்த பழச்சாறு ஆகியவற்றையும் சீனியோடு சேர்த்தே எண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகின்றது. இவை யாவும் சேர்ந்து நாளொன்றுக்கு உணவுச் சக்தியில் நூற்றுக்குப் பத்துப் பங்கை மீறலாகாது என்பது அதன் விதி. வளர்ந்த ஒருவருக்கு அது ஏறத்தாழ 50 கிராம், அதாவது 12 தேக்கரண்டி. முழுப்பழம் அந்தக் கணக்கிற் சேராது; அதிலே நாருண்டு, உண்போர் விரைவில் நிறைவடைவர். எனினும் நீரிழிவுடையோர் பேரீச்சம்பழத்தையும் எண்ணித்தான் உண்ண வேண்டும். ஆகையால் அவருக்கு ஒன்றுதான் என்றேன். அவர் இரண்டாவதையும் எடுத்துவிட்டார்.

செய்முறையை அறிய விரும்பும் தாய்மாருக்காக ஆசிரியையிடம் கேட்டு எழுதிவந்துள்ளேன். விதை நீக்கிய பேரீச்சம்பழம் 200 கிராமை அரைக் கோப்பை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு மசித்து, கனிந்த கதலிப்பழம் இரண்டையும் சேர்த்துப் பிசைய வேண்டும். குரக்கன் மாவும் ஆட்டா மாவும் 100 கிராம் வீதம், வெண்ணெய் 75 கிராம், சிறிது இஞ்சி, ஏலம், ஒரு சிட்டிகை உப்பு. சீனி விசுக்கோத்துப் போல இது மொறுமொறுப்பாகாது. ஆறிய பின் உறைந்து கடினமாகும் சீனி இதில் இல்லை. பழத்தின் இனிப்பு விரைவிற் கருகும். ஆதலாற் போறணைச் சூட்டைச் சற்றே தணித்து வைத்தல் வேண்டும். ஈரப்பசை உள்ளதனால் மூன்று நாளுக்கு மேல் வைத்திருக்கலாகாது.

வரும் ஆவணியிற் பேரீச்சம்பழத்தில் ஒரு பங்கைக் குறைத்துப் பனங்களியைச் சேர்த்துப் பார்க்கப் போவதாக அவர் சொல்கிறார். களியை முதலிற் காய்ச்சிக் கைப்பைக் குறைத்துக்கொள்ளுமாறு நான் கூறினேன். அடியில் வைப்பதற்கு லோரல் இலை எங்கே கிடைக்கும் என்று கேட்டார். வாழையிலை போதும் என்று சொல்லியிருக்கிறேன்.